வேட்டை நின்றது, பசி நிற்கவில்லை: சாம்பல் திமிங்கிலங்கள் ஏன் மறுபடியும் குறைகின்றன?

2016-ல் சுமார் 27,000. 2025-ல் சுமார் 13,000.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாக ஒவ்வொரு வருடமும் வடக்கும் தெற்குமாகப் போய்வரும் சாம்பல் திமிங்கிலங்களின் எண்ணிக்கை இது. ஒன்பதே வருடங்களில் பாதிக்குப் பாதி காணோம். 1970-களுக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. இதைவிடக் கவலை தரும் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 2025 வசந்த காலத்தில் தாயோடு சேர்ந்து வடக்கே போன குட்டிகள் சுமார் 85 மட்டுமே. 1994-ல் குட்டிகளை எண்ண ஆரம்பித்ததிலிருந்து இதுதான் மிகக் குறைவு. 2014-ல் இதே கணக்கு 1,400-ஐத் தாண்டியிருந்தது.

திமிங்கிலம் குறைகிறது என்றதும், 'யாரோ வேட்டையாடுறாங்க போல' என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே விஷயம் அது இல்லை. இவற்றைப் பாதுகாக்கும் சர்வதேச விதிகள் வந்து 75 வருடங்களுக்கு மேல் ஆகிறது. சரணாலயம் இருக்கிறது. அழியும் அபாயத்திலிருந்து மீட்கப்பட்ட விலங்கு என்று உலகமே எடுத்துக்காட்டாகச் சொன்ன உயிர் இது. அப்படியிருந்தும் ஏன் இந்தச் சரிவு?

இதற்குப் பதில் தேட, இந்தத் திமிங்கிலம் என்ன சாப்பிடுகிறது, எங்கே சாப்பிடுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில், இது எந்தத் திமிங்கிலம்?

நம் பக்கத்துக் கடல்களில் நீலத் திமிங்கிலம் உண்டு, சாம்பல் திமிங்கிலம் கிடையாது. வட பசிபிக் பெருங்கடல்தான் இதன் வீடு. வளர்ந்த ஒன்று 12 முதல் 15 மீட்டர் வரை நீளம் இருக்கும். நம்ம ஊர் டவுன் பஸ் ஒன்றின் நீளம், அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 30 டன்னைத் தாண்டும், சில 40 டன் வரைகூடப் போகும். ஆணைவிடப் பெண் பெரியது.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். மற்ற பல திமிங்கிலங்களுக்கு இருப்பதுபோல முதுகில் துடுப்பு இல்லை. அதற்குப் பதிலாக முதுகின் பின்பகுதியில் மணிக்கட்டு எலும்பு துருத்தியதுபோல வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள். உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டுகள். படகின் அடியில் கல் மாதிரி ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்குமே கொட்டலசு, அதன் உறவுக்கார இனம் ஒன்று இந்தத் திமிங்கிலத்தின் தோலையே வீடாக்கிக்கொள்கிறது. கூடவே திமிங்கிலப் பேன் என்று அழைக்கப்படும் சிறு உயிர்களும் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும். மொத்தத்தில், அழகுப் போட்டிக்குப் போகும் தோற்றம் இல்லை. கடலில் பல காலம் கிடந்த பாறை ஒன்று மூச்சு விடுவதுபோல இருக்கும்.

அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே இனமும் இதுதான். இது போனால் ஒரு இனம் மட்டும் போகாது, ஒரு குடும்பமே போய்விடும்.

கடலடியை உழுது சாப்பிடும் விலங்கு

நீலத் திமிங்கிலம் நடுத்தண்ணீரில் மிதக்கும் கிரில் கூட்டத்தை வாயைத் திறந்து அள்ளும். சாம்பல் திமிங்கிலத்தின் வழி வேறு. அது கடலடிக்கே போகும். ஒருக்களித்துப் படுத்து, சேற்றோடு சேர்த்து வாயில் உறிஞ்சும். பிறகு நாக்கால் தள்ளி, சேற்றுத் தண்ணீரை வெளியேற்றும். மேல்தாடையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 130 முதல் 180 வரை சீப்புப் பற்கள் மாதிரி தொங்கும் தகடுகள்தான் சல்லடை. சேறும் தண்ணீரும் போக, உள்ளே தங்குவதுதான் சாப்பாடு.

அந்தச் சாப்பாடு பெரும்பாலும் ஆம்பிபாட் எனப்படும் உயிர். இறாலின் தூரத்துச் சொந்தம், ஓரிரு சென்டிமீட்டர்தான் இருக்கும். சேற்றில் குழாய் மாதிரி கூடு கட்டிக்கொண்டு, பாய் விரித்ததுபோல அடர்த்தியாக வாழும். 30 டன் உடம்பை வளர்ப்பது இந்தப் பொடி உயிர்கள்தான். சாப்பாட்டுக் காலத்தில் ஒரு திமிங்கிலம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு டன் சாப்பிடும்.

ஒரு வேடிக்கை: நம்மில் பெரும்பாலானோர் வலதுகைக்காரர்கள் என்பதுபோல, இவற்றிலும் பெரும்பாலானவை வலது பக்கமாகத்தான் சாய்ந்து சாப்பிடுகின்றன. அதனால் வலது பக்கத் தகடுகள் அதிகம் தேய்ந்திருக்கும். சேற்றில் உரசி உரசி, அந்தப் பக்க முகத்தில் கொட்டலசும் குறைவாக இருக்கும்.

திமிங்கிலம் சாப்பிட்டுவிட்டுப் போன இடத்தில் கடலடியில் குழிகள் இருக்கும். கலங்கி மேலே வரும் சேற்றில் வெளிப்படும் சிற்றுயிர்களைக் கடல் பறவைகள் கொத்தித் தின்னும். வயலில் ஏர் ஓட்டும்போது பின்னாலேயே கொக்குகள் நடக்குமே, கிட்டத்தட்ட அதே காட்சி. அதாவது, இது கடலடியை உழும் விலங்கு. இதன் வாழ்வும் சாவும் அந்த நிலத்தைப் பொறுத்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

5 மாத வருமானம், 12 மாதச் செலவு

அந்த நிலம் எங்கே இருக்கிறது? அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே உள்ள பெரிங் கடல், அதற்கும் வடக்கே சுக்சி கடல், பியூஃபோர்ட் கடல். ஆர்க்டிக் வாசலில் உள்ள இந்த ஆழமில்லாத கடல்களில் கோடைக்காலம் முழுக்கத் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. குளிர் வந்து பனி மூட ஆரம்பித்ததும் தெற்கே கிளம்பிவிடும்.

போய்ச் சேரும் இடம் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம். அங்கே ஓஹோ தே லியெப்ரே, சான் இக்னாசியோ, மக்தலேனா என்று வெதுவெதுப்பான, அலை அடங்கிய காயல்கள் இருக்கின்றன. குட்டி போடுவது பெரும்பாலும் அங்கேதான். மறுபடி வசந்த காலத்தில் வடக்கே பயணம். போக வரச் சேர்த்து 16,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை. பாலூட்டிகளின் உலகில் மிக நீளமான வலசைப் பயணங்களில் இதுவும் ஒன்று.

இந்தப் பயணத்திலும், காயலில் இருக்கும் மாதங்களிலும் இவை பெரிதாக எதுவும் சாப்பிடுவதில்லை. யோசிச்சுப் பாருங்க: வருடத்தில் ஐந்து மாதம் மட்டும் சம்பளம் வருகிறது, அதை வைத்து பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும். ஊருக்குப் போய்வரும் செலவும் அதிலேயே. கடன் வாங்க வழியில்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புதான் ஒரே சேமிப்புக் கணக்கு. பயணம் முடிந்து வடக்கே திரும்பும்போது உடல் எடையில் கணிசமான பகுதி கரைந்திருக்கும்.

இந்தக் கணக்கில் அதிகச் சுமை தாய்க்குத்தான். கர்ப்பகாலம் 12 முதல் 13 மாதம். பிறக்கும்போதே குட்டி நாலரை மீட்டர் நீளம், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. அதற்குக் கொடுக்கும் பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. நாம் கடையில் வாங்கும் ஃபுல் கிரீம் பாலில் கொழுப்பு 6 சதவீதம்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இவ்வளவையும் அந்தத் தாய், சாப்பிடாத மாதங்களில், தன் உடம்பிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறாள்.

வடக்கே திரும்பும்போது ஆண்களும், புதிதாகக் கருவுற்ற பெண்களும் முதலில் கிளம்பிவிடும். தாயும் குட்டியும் கடைசி. குட்டிக்குத் தெம்பு வர வேண்டுமே. கரையை ஒட்டி, சில சமயம் அலை உடையும் இடம் வரை வந்து, மெதுவாகப் போவார்கள். ஆழத்தில் ஓர்கா கூட்டம் காத்திருக்கும். கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவும், அலாஸ்காவின் யூனிமாக் நீரிணையும் ஓர்காக்கள் குட்டிகளைக் குறிவைக்கும் இடங்கள்.

ஒரு பெண் திமிங்கிலம் நல்ல நிலையில் இருந்தாலே இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான். சேமிப்பு போதவில்லை என்றால் கரு தங்காது, அல்லது அந்தச் சுற்றே தள்ளிப்போகும். அதனால் குட்டிகளின் எண்ணிக்கை என்பது தாமதமாக வரும் ரிப்போர்ட் கார்டு மாதிரி. 2025-ல் 85 குட்டிகள்தான் என்றால், 2023, 2024 கோடைகளில் தாய்மார்களுக்கு வடக்கே வயிறு நிறையவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போனது எப்படி?

கரையோரமாகவே போவது, ஒவ்வொரு வருடமும் அதே காயலுக்கு வருவது. இந்த இரண்டு பழக்கமும்தான் 19-ம் நூற்றாண்டில் இவற்றுக்கு எமனானது. 1857-58 குளிர்காலத்தில் சார்ல்ஸ் ஸ்காமன் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டன், ஓஹோ தே லியெப்ரே காயலுக்குள் நுழைந்து வேட்டையைத் தொடங்கினார். செய்தி பரவியதும் மற்ற கப்பல்களும் பின்னாலேயே வந்தன. விளக்கெரிக்க எண்ணெய் தேவைப்பட்ட காலம். குட்டியோடு இருந்த தாய்களைக் கொல்வது, குறுகலான காயலில் சுலபமாக இருந்தது.

முழுக்கச் சுலபம் என்றும் சொல்ல முடியாது. குட்டியைத் தொட்டால் தாய் திரும்பி வந்து படகையே உடைக்கும். அதனால் வேட்டைக்காரர்கள் இதற்கு 'சைத்தான் மீன்' என்று பெயர் வைத்தார்கள். குட்டியைக் காப்பாற்றப் போராடிய தாய்க்குக் கிடைத்த பட்டம் அது.

சில பத்தாண்டுகளிலேயே காயல்கள் காலியாகின. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலிலேயே வெட்டிப் பதப்படுத்தும் ஆலைக் கப்பல்கள் வந்து மீதியையும் குறைத்தன. அட்லாண்டிக் பெருங்கடலிலும் ஒரு காலத்தில் சாம்பல் திமிங்கிலங்கள் இருந்தன. அங்கே 18-ம் நூற்றாண்டு வாக்கிலேயே முற்றிலும் இல்லாமல் போய்விட்டன.

பிறகுதான் சட்டம் வந்தது. 1930-களில் முதல் சர்வதேசப் பாதுகாப்பு, 1946-ல் திமிங்கில வேட்டையை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை. வேட்டை நின்றதும் எண்ணிக்கை தானாக ஏறியது. 1994-ல் அமெரிக்கா தன் அழியும் அபாய இனங்கள் பட்டியலிலிருந்து கிழக்குப் பசிபிக் கூட்டத்தை நீக்கியது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. 1972-ல் சான் இக்னாசியோ காயலில் பச்சிகோ மயோரல் என்ற மீனவரின் படகை ஒரு திமிங்கிலம் நெருங்கி உரசிக்கொண்டே நின்றது. பயந்து போயிருந்த அவர், கடைசியில் கையை நீட்டித் தொட்டார். அது விலகவில்லை. இன்றும் அந்தக் காயலில் தாய்கள் குட்டியோடு படகருகே வருகின்றன, சுற்றுலாப் பயணிகள் தொட்டுப் பார்க்கிறார்கள். சைத்தான் மீன் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன் பயந்த அதே விலங்கு.

மெக்சிகோ அந்தப் பகுதியை 1988-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது, 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மெக்சிகோ அரசும் ஜப்பானின் மிட்சுபிஷியும் சேர்ந்து சான் இக்னாசியோவில் பிரம்மாண்ட உப்பாலை கட்டப் போட்ட திட்டம், உலகளாவிய எதிர்ப்புக்குப் பிறகு 2000-ல் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் அப்போதைய மெக்சிகோ அதிபர் எர்னெஸ்தோ செடியோ.

ஆக, பிரசவ அறை பத்திரம். வழியில் துப்பாக்கியும் இல்லை. பிறகு எங்கே ஓட்டை?

ஓட்டை சமையலறையில்

2018 டிசம்பரிலிருந்து மெக்சிகோ, அமெரிக்கா, கனடா கரைகளில் செத்த திமிங்கிலங்கள் ஒதுங்க ஆரம்பித்தன. 2023 நவம்பரில் இந்த மரண அலை முடிந்ததாக அமெரிக்காவின் கடல்சார் அமைப்பான நோவா அறிவித்தபோது கணக்கு 690. கரைக்கு வந்தவை மட்டும்தான் இந்தக் கணக்கில். கடலிலேயே மூழ்கியவை இதைவிடப் பல மடங்கு. பரிசோதித்தவற்றில் பல எலும்பும் தோலுமாக இருந்தன. வயிற்றில் உணவில்லை, தோலுக்கடியில் கொழுப்பில்லை.

இது முதல்முறை இல்லை. 1999-2000-லும் இதேபோல் 651 உடல்கள் ஒதுங்கின. 2023-ல் சயின்ஸ் இதழில் ஜோஷுவா ஸ்டூவர்ட் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வு, 1980-களின் இறுதியிலும் ஒரு சரிவு இருந்ததைக் கண்டுபிடித்தது. அப்போது ஒதுங்கும் உடல்களை ஒழுங்காகப் பதிவு செய்யாததால் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சில வருடங்களுக்குள் 15 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருக்கிறது.

அந்த ஆய்வு சொன்ன காரணம் இரண்டு. ஒன்று, கடலடியில் எவ்வளவு உணவு இருக்கிறது. இரண்டு, பனி விலகி அந்த உணவுக்கு எத்தனை நாள் வழி திறந்திருக்கிறது. உணவு குறைந்து, பனியும் தாமதமாக விலகிய வருடங்களில் திமிங்கிலங்கள் அதிகம் செத்திருக்கின்றன.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'அப்போ பனி உருகினா நல்லதுதானே? அதிக நாள் சாப்பிடலாமே?'

நியாயமான கேள்வி. கொஞ்ச காலத்துக்கு அது உண்மையும்கூட. எண்ணிக்கை 27,000 வரை போனதில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் பனி என்பது சமையலறைக் கதவு மட்டும் இல்லை. அடுப்பும் அதுதான்.

எப்படி என்று பார்ப்போம். கடல் பனியின் அடிப்பக்கத்தில் ஒருவகைப் பாசி ஒட்டி வளர்கிறது. வசந்தத்தில் பனி உருகும்போது அந்தப் பாசி உதிர்ந்து கொத்துக் கொத்தாகக் கடலடிக்கு இறங்கும். கடல் ஆழமில்லாததால் வழியில் யாரும் தின்று தீர்ப்பதற்குள் கீழே சேர்ந்துவிடும். சேற்றில் காத்திருக்கும் ஆம்பிபாட்களுக்கு அதுதான் உணவு. பனி குறைந்தால் பாசியும் குறையும். அதற்குப் பதில் திறந்த தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகள் வளரும். அவற்றை நடுத்தண்ணீரில் இருக்கும் சிற்றுயிர்களே தின்றுவிடும், அடிக்கு வருவது கொஞ்சம்தான். நீரோட்டம் வேகமெடுத்தால் இன்னொரு பிரச்சினை: ஆம்பிபாட் கூடு கட்டும் மென்மையான வண்டல் அடித்துச் செல்லப்படும்.

மாடியில் பந்தி நடக்கிறது, தரைத்தளத்தில் பட்டினி. சாம்பல் திமிங்கிலம் தரைத்தளத்து விருந்தாளி.

'இது இயற்கையான ஏற்ற இறக்கம்தானே?'

இந்த வாதமும் இருக்கிறது, ஒதுக்கிவிட முடியாது. எந்த இடத்துக்கும் இத்தனை உயிர்களைத்தான் தாங்கும் என்ற எல்லை உண்டு. 27,000 என்பது அந்த எல்லையைத் தொட்ட எண்ணிக்கையாக இருக்கலாம். உணவு பத்தாமல் ஒரு பகுதி செத்து, பிறகு மீதிக்கு உணவு கிடைத்து, எண்ணிக்கை திரும்ப ஏறும். 1999-2000 சரிவுக்குப் பிறகு அப்படித்தான் நடந்தது.

இந்த முறை வித்தியாசம், ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை என்பதுதான். 2022-23 குளிர்காலக் கணக்கு சுமார் 14,500. அடுத்த வருடம் 19,000-ஐத் தாண்டியதாக மதிப்பீடு வந்தபோது எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அதற்கடுத்த 2024-25 கணக்கில் மறுபடி 13,000.

ஒரு வருடத்தில் 5,000 கூடி, அடுத்த வருடத்தில் 6,000 குறையுமா என்று கேட்டால், இது தலை எண்ணும் கணக்கு இல்லை. மான்டரே அருகே கிரானைட் கேன்யன் என்ற இடத்தில், தெற்கே போகும் திமிங்கிலங்களைக் கரையிலிருந்து பார்வையாளர்கள் எண்ணுகிறார்கள். இரவில் போனவை, மூடுபனியில் தப்பியவை எல்லாவற்றுக்கும் கணிதம் போட்டு மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். அதனால் ஒரு வருட எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது. பல வருடப் போக்கைப் பார்க்க வேண்டும். போக்கு கீழ்நோக்கி இருக்கிறது. தனியாக எடுக்கப்படும் குட்டிக் கணக்கும் அதையே சொல்கிறது: 2023-ல் சுமார் 400, 2024-ல் சுமார் 220, 2025-ல் சுமார் 85.

அப்படியென்றால் வேட்டை முழுக்கவே இல்லையா? ரஷ்யாவின் சுகோட்கா பகுதிப் பூர்வகுடிகளுக்கு, உணவுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 140 என்ற சர்வதேச அனுமதி இருந்துவருகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மக்கா பழங்குடிகளுக்கு 1855 ஒப்பந்தத்தில் உறுதி செய்யப்பட்ட வேட்டை உரிமையைப் பயன்படுத்த, 10 ஆண்டுகளில் 25 வரை என்று 2024-ல் நோவா வழிவிட்டது. இரண்டையும் கூட்டினாலும் 14,000 குறைந்ததற்கு விளக்கம் கிடைக்காது.

பசி எங்கே கொண்டுபோய் விடுகிறது?

சேமிப்பு தீர்ந்தவர் வழியில் கிடைத்த வேலையைச் செய்வதுபோல, இவையும் இப்போது வழியில் நிற்க ஆரம்பித்திருக்கின்றன. முன்பெல்லாம் தாண்டிப் போய்விடும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குள், சமீப வருடங்களில் மெலிந்த திமிங்கிலங்கள் நுழைகின்றன. அது பெரும் துறைமுகங்களுக்கான கப்பல் பாதை, படகுப் போக்குவரத்தும் ஓயாது. 2025-ல் மட்டும் அந்த வட்டாரத்தில் 20-க்கும் மேற்பட்ட சாம்பல் திமிங்கிலங்கள் செத்தன. கப்பல் மோதியதும் காரணங்களில் ஒன்று. தண்ணீர் மட்டத்தில் தாழ்வாக, மெதுவாக நீந்தும் விலங்கைக் கப்பல் ஓட்டுபவர் கவனிப்பதே கஷ்டம்.

சில கூட்டங்கள் கெட்டிக்காரத்தனமாக வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. சுமார் 200 திமிங்கிலங்கள் ஆர்க்டிக் வரை போகாமல், வட கலிஃபோர்னியாவிலிருந்து கனடா வரையிலான கரையோரத்திலேயே கோடையைக் கழிக்கின்றன. ஒரு சிறு கூட்டம் வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்டுக்குள் வந்து, அலை ஏறும் நேரத்தில் சேற்று இறாலைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிறது. 'பரவாயில்லையே, சமாளிச்சுக்குது' என்று நிம்மதி அடைவதற்குள் ஒரு தகவல். அந்தக் கரையோரக் கூட்டத்தை ட்ரோன் படங்களால் அளந்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, உடம்பே சுருங்கி வருவதைக் கண்டது. 2020-ல் பிறந்த ஒன்று முழுதாக வளரும்போது, 2000-க்கு முன் பிறந்ததைவிடச் சுமார் 1.65 மீட்டர் குட்டையாக இருக்கும் என்பது அதன் கணிப்பு. சின்ன உடம்பில் சேமிப்பும் சின்னது.

சில தனி விலங்குகள் இன்னும் தூரம் போய்விட்டன. 2010-ல் இஸ்ரேல் கரையருகே மத்திய தரைக்கடலில் ஒன்று. 2013-ல் தென் ஆப்பிரிக்கக் கண்டப் பகுதியான நமீபியாவின் வால்விஸ் வளைகுடாவில் ஒன்று. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஒன்று. அட்லாண்டிக்கில் 200 வருடங்களுக்கு மேல் இல்லாத விலங்கு எப்படி வந்தது? கனடாவின் வடக்கே உள்ள ஆர்க்டிக் வழி, முன்பு பனியால் அடைத்திருந்தது, இப்போது கோடையில் திறந்துகொள்கிறது. வந்தது சுற்றுலாவா, வழி தவறியதா, புது இடம் தேடியதா என்பது அந்தத் திமிங்கிலங்களுக்கே வெளிச்சம்.

தூரம் இவற்றுக்குப் புதிதில்லை என்பதும் உண்மை. ரஷ்யாவின் சகலின் தீவருகே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட வர்வரா என்ற பெண் திமிங்கிலம், 2011-12-ல் மெக்சிகோ வரை போய்த் திரும்பியது. 172 நாட்களில் 22,511 கிலோமீட்டர். ஆசியப் பக்கத்து இந்தக் கூட்டத்தில் மொத்தமே சில நூறுதான் இருக்கின்றன.

சரி, என்னதான் செய்ய முடியும்?

உடனடியாகச் செய்யக்கூடியது கப்பல் விஷயம். வேகத்தை 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டருக்குள் குறைத்தால் மோதிச் சாகும் வாய்ப்பு நன்றாகக் குறையும். கலிஃபோர்னியக் கரையில் பெரிய கப்பல்களுக்கு விருப்பத்தின் பேரில் இந்த வேக வரம்பு அமலில் இருக்கிறது. இதில் நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் தென்முனையை ஒட்டிப் போகும் கப்பல் பாதை நீலத் திமிங்கிலங்கள் மேயும் இடத்தின் குறுக்கே போகிறது. எம்.எஸ்.சி. என்ற உலகின் மிகப்பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல் நிறுவனம், 2022-ல் தன் கப்பல்களைக் கொஞ்சம் தெற்கே தள்ளி ஓட்ட முடிவெடுத்தது. வழியை மாற்றுவது முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது, எண்ணுவதை நிறுத்தாமல் இருப்பது. 1967-லிருந்து ஆட்கள் கரையில் உட்கார்ந்து எண்ணியதால்தான் இந்தச் சரிவு நமக்குத் தெரிகிறது. 1980-களின் சரிவை அப்போது யாரும் கவனிக்காமல் விட்டது, பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது.

மூன்றாவதுதான் கஷ்டமானது. வேட்டையை நிறுத்த, சில நாடுகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது போதுமாக இருந்தது. உப்பாலையை நிறுத்த ஓர் அதிபரின் அறிவிப்பு போதும். ஆர்க்டிக் பனியின் அடியில் பாசி வளர வைக்க அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. அங்கே பனி இருப்பதும் இல்லாததும், எந்த நாட்டில் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு என்று பார்க்காமல் எல்லாப் புகையையும் கூட்டிப் போடும் கணக்கு. அதில் நம் பங்கும் இருக்கிறது.

ஓர் உயிரைக் கொல்வதை நிறுத்தினால் அது தானாகப் பெருகும் என்று 20-ம் நூற்றாண்டு நமக்குக் கற்றுக்கொடுத்தது. சாம்பல் திமிங்கிலம் அந்தப் பாடத்தின் சிறந்த மாணவன். இப்போது அதே மாணவன் காட்டுவது, அந்தப் பாடம் பாதிதான் என்பதை. யாரும் கொல்லாவிட்டாலும், தின்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் வாழ முடியாது.

இந்தத் திமிங்கிலம் முன்பும் மீண்டிருக்கிறது, இன்னொரு முறையும் மீளலாம். அதற்கான அறிகுறி மொத்த எண்ணிக்கையில் முதலில் தெரியாது. ஒவ்வொரு வசந்தத்திலும் கலிஃபோர்னியாவின் பியட்ராஸ் பிளாங்காஸ் கலங்கரை விளக்கம் அருகே உட்கார்ந்து, கரையை ஒட்டி மெதுவாக வடக்கே போகும் தாய்களையும் குட்டிகளையும் எண்ணுகிறார்கள். அடுத்த முறை இதைப் பற்றிச் செய்தி வந்தால், 'மொத்தம் எத்தனை' என்பதோடு நின்றுவிடாதீர்கள். குட்டிகள் எத்தனை என்று பாருங்கள்.